சாருக்கு மாற்றல்

உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வியாபாரத்தோடும் தீராத சளியோடும் சௌக்கியமாக இருக்கும் மாப்பிள்ளை மோகனசுந்தரம் அவர்களுக்கு, கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே மாந்தோப்பில் சௌக்கியம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத மச்சான் பொங்கியண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கருப்பாத்தாளும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தங்கை சுப்பாத்தாளுக்கு மூட்டுவலி தேவலையா? இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், நான் பாதி சொல்வதற்குள் தங்கை மீதியைச் சொல்லி முடித்துவிடுவாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் ஒன்றே ஒன்று. உங்கள் மகள் தமிழ்ப்ரியாவுக்குக் காலேஜில் சீட்டுக் கிடைக்க வேண்டும் என்று, செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் கருப்பராயன் கோயிலில் நின்று, "கருப்பராயா, எம்புள்ளைக்கு சீட்டு கெடச்சா உன்ற முன்னால ஒரு குட்டியக் கொண்டாந்து நிறுத்தறேன்" என்று வேண்டிக்கொண்டீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். சீட்டும் கிடைத்தது. குட்டியை வாங்கி என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் மலையேறிவிட்டீர்கள். அது இப்போது கொம்பு முளைத்த கெடா. வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை. அன்றைக்குத் தவறாமல் வந்து, வெட்டி, வேண்டுதலை முடித்து, என்னை விட்டுவிடுங்கள். இனி என்னால் முடியாது. எல்லாம் உங்கள் மகளால் வந்த வினை.

அவள் காலேஜில் என்.எஸ்.எஸ். என்று ஒன்று இருக்கிறதாம். காலேஜ் பிள்ளைகள் ஊருக்குள் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் படிப்பும் சொல்லித் தருவார்களாம். 'எங்க மாமா ஊருக்குப் போலாம்' என்று அம்மிணி என் நம்பரைக் கொடுத்துவிட்டுப் பரீட்சை எழுதப் போய்விட்டாள். என்னிடம் பேசியது அவளுடைய கூட்டாளி ஜோமோள், கோட்டயத்துப் பெண். அந்தப் பெண் மலையாளத்தில் கேட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. ரேஷன் கடையிலும் வில்லேஜ் ஆபீஸிலும் ஆயுசு பூராவும் மலையாளத்தில்தானே குப்பை கொட்டுகிறேன்? எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத் தமிழில் கேட்டுத் தொலைத்தாள். "அங்கிள், ஞங்க ஒரு கேம்ப் வெக்கணும். உங்க ஊர்ல எத்தன குட்டி இருக்கு?" தமிழில் கேட்டால் தமிழில்தானே புரியும்? அந்த வாரம் மிருக டாக்டர் ஊசி போட வருவதாக வேறு பேச்சு அடிபட்டது. "நம்மகிட்டப் பத்துப் பன்னெண்டு இருக்குதுங்க, அக்கம்பக்கம் சேத்தா இன்னும் தேறும்" என்றேன்.

"ராத்திரி எங்க உறங்கும்?" என்றாள். "பட்டியில போட்டு அடைச்சிருவமுங்க" என்றேன். அவர்கள் பாஷையில் பட்டி என்றால் நாய் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. "ஐயோ! கழிக்கான் என்ன குடுப்பீங்க?" என்றாள். கழிக்கான் என்றால் தின்ன, அது மட்டும் எனக்குத் தெரியும். "காலையில கொஞ்சம் புண்ணாக்கு. அப்பறம் அதுகளே மேஞ்சுக்கும்." "அம்மா பாக்காதா?" "பால் மறந்ததும் பிரிச்சுருவமுங்க. பொட்டக் குட்டிய வெச்சுக்குவோம், கெடாக் குட்டியச் சந்தையில தள்ளிப்போடுவோம்." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நல்ல பெண், வாயில்லா ஜீவன்மேல் இவ்வளவு இரக்கமா என்று நானும் நெகிழ்ந்துபோய்க் கருப்பாத்தாளிடம் சொன்னேன், மாப்பிள்ளை.

மறுநாள் காலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸாம். இரண்டு அதிகாரிகளும் ஒரு வனிதா போலீஸும். "எந்தப் பட்டியில அடைக்கிறீங்க, காட்டுங்க" என்றார்கள். காட்டினேன். ஆடுகள் அவர்களைப் பார்த்தன, அவர்கள் ஆடுகளைப் பார்த்தார்கள். மலையாளத்தில் குட்டி என்றால் குழந்தை என்பதும், ஜோமோள் அழுதுகொண்டே புகார் செய்திருக்கிறாள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தன. அந்தப் போலீஸ்காரம்மா சிரித்த சிரிப்பில் என் மானம் தோப்பு பூராவும் பறந்தது. இந்த வயசில் வாசலில் போலீஸ் ஜீப் நின்று போனதற்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரன் இன்றைக்கு வரைக்கும் காரணம் கேட்டுக்கொண்டிருக்கிறான். சொன்னால் நம்பவும் மாட்டேன் என்கிறான்.

சரி, அத்தோடு தொலைந்தது என்று பார்த்தால், கேம்ப் அன்றைக்குத்தான் கூத்து. குட்டிக்கு ஊசி என்று நான் முன்னாலேயே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே, அதை மாற்றிச் சொல்ல மறந்துபோனேன். ஒரு பக்கம் சுற்றுவட்டாரத்து ஆட்டுக்குட்டி அத்தனையும், இன்னொரு பக்கம் மாந்தோப்பில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் என் கொட்டகைக்குள் புகுந்தார்கள். காலேஜ் வாத்தியார் வரவேற்புரையை ஆரம்பிப்பதற்குள் உயிரெழுத்து சார்ட்டை ஆடுகள் தின்றுவிட்டன. ஃ மட்டும் மிச்சம். அதையும் ஒரு குட்டி மோந்து பார்த்துத்தான் விட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அம்மிணி மட்டும், "மாமா, வந்தது வந்திருச்சு, இருக்கட்டும்" என்று சொல்லி, ஆளுக்கொரு குட்டியைப் பிடித்துக் கொடுத்து, "இதுக்குப் படிச்சுக் காட்டுங்க பாக்கலாம்" என்றாள்.

அதில்தான் வந்தது வினை. முத்துப்பேச்சி என்று எட்டு வயசுப் பிள்ளை. எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்து என் தோப்பில் காவல் இருக்கிறவனுடைய மகள். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காது. தப்பாகப் படித்தால் மற்றதுகள் சிரிக்குமாம். அதற்குப் போய்ச் சேர்ந்தது உங்கள் கெடா. கெடா சிரிக்கவில்லை, திருத்தவில்லை, காதை ஆட்டிக்கொண்டு அசை போட்டது. பிள்ளை ஒரு பக்கம் முழுக்க எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டது. அவள் அப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதான். அன்றிலிருந்து கெடாவுக்குப் பெயர் 'சார்'. "சாருக்குத் தழ போட்டாச்சா?", "சாரு புழுக்க போட்டுட்டாரு!" என்று பிள்ளைகள் கத்தும்போதெல்லாம் காலேஜ் வாத்தியார் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். கேம்ப் முடிந்தும் ஓயவில்லை. சனிக்கிழமையானால் காலேஜ் கூட்டம், மற்ற நாளில் சாயங்காலம் பிள்ளைகள் கூட்டம். எனக்கு மத்தியானத் தூக்கம் போயிற்று. கருப்பாத்தாள் அத்தனை பேருக்கும் சுண்டல் அவித்துப் போடுகிறாள், எனக்குக் கேட்டால், "பசங்களுக்கே பத்தல, போங்க" என்கிறாள்.

போன வாரம் அந்த முத்துப்பேச்சி என்னிடம் வந்து, "தாத்தா, வெள்ளிக்கிழம சாரு எங்க போறாரு?" என்றது. யார் சொன்னார்களோ! நான் என்னத்தைச் சொல்ல? வாயில் வந்ததைச் சொன்னேன், "சாருக்கு மாத்தலாயிருச்சு கண்ணு" என்று. "மாத்தலாகிப் போன சாரு ஒருத்தரும் திரும்பி வரலியே தாத்தா" என்றது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போனது, அதற்குப் பிறகு அது திறக்கவே இல்லை. அம்மிணி என்னோடு பேசுவதில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, மாப்பிள்ளை. ஆனாலும் சாமி காரியம், நாம் என்ன செய்ய முடியும்? நல்ல கத்தியாகக் கொண்டு வாருங்கள். வந்தால் சீக்கிரம் முடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடலாம்.

குலசாமி உங்களையும் தங்கையையும் காக்கட்டும். ஏலக்காய் விலை ஏறட்டும், சளி இறங்கட்டும்.

இப்படிக்கு,
அலுத்துப்போன மச்சான்,
பொங்கியண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடுகிறேன். கத்தி வேண்டாம். நேற்றுச் சாயங்காலம் அம்மிணி, ஜோமோள், முத்துப்பேச்சி மூவரையும் வாடகை ஜீப்பில் ஏற்றிக் கருப்பராயன் கோயிலுக்குப் போனேன். சார் இல்லாமல் வர மாட்டேன் என்று பிள்ளை அடம் பிடித்ததால் சாரும் பின் சீட்டில் வந்தார். பிள்ளையைச் சாமிக்கு நேராக நிறுத்தி, "படி கண்ணு" என்றேன். அது சாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, 'காலணிகளை வெளியே விடவும்' என்று தொடங்கிக் கோயிலில் இருந்த போர்டு அத்தனையும் சத்தமாகப் படித்தது. பூசாரி, "என்னுங்க இது?" என்றார். "எங்க மாப்பிள்ளையோட வேண்டுதலுங்க. ஒரு குட்டியக் கொண்டாந்து நிறுத்தறேன்னாரு, நிறுத்தியாச்சு" என்றேன். வெட்டுவதாக நீங்கள் சொல்லவே இல்லை, நான் பக்கத்தில் நின்று கேட்டவன். எல்லையில் உட்கார்ந்திருக்கிற சாமிக்கு இரண்டு பாஷையும் தெரியாமலா இருக்கும்? ஆக, உங்கள் வேண்டுதலை மலையாளத்தில் நிறைவேற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை வாருங்கள், சுண்டல் உண்டு. சாருக்கு மாற்றல் ரத்து.