உங்கள் தம்பியின் வளர்ச்சி குறித்து

அன்பும் மரியாதையும் மாறாத அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. அங்கே நீங்களும் அண்ணனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தம்பி ரொம்ப ரொம்ப சுகம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

பணி ஓய்வுக்குப் பரிசாக அவரை அந்தச் சுய வளர்ச்சி முகாமுக்கு அனுப்பிவைத்தீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிஸ்கட் ஆலையில் தரம் பார்க்கும் அதிகாரியாகவே காலத்தைக் கழித்த மனிதர். தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து உடைத்துப் பார்ப்பார். உடைந்த விதம் பிடிக்கவில்லை என்றால் தட்டையே தள்ளிவிடுவார். ஓய்வு பெற்ற பின் உடைக்க எதுவும் இல்லாமல் சோபாவில் சாய்ந்து கிடந்தார். அப்படிக் கிடந்ததில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. தரை துடைக்கும்போது காலைத் தூக்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

முகாமிலிருந்து ஒரு வட்டப் படத்தோடு திரும்பி வந்தார். வாழ்க்கை ஒரு சக்கரமாம். உடம்பு, மனசு, கற்றல், உறவு, ஓய்வு, சேவை என்று அதில் பங்குகள். எல்லாம் சமமாக இருந்தால்தான் சக்கரம் உருளுமாம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். அன்றிலிருந்து உருள்கிறது அண்ணி, என் மேல்தான் உருள்கிறது.

விடிவதற்கு முன்பே கூடத்தில் குதிக்கிறார். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால் அவரையும் குதிக்கச் சொல்கிறார். அப்புறம் கற்றல். ஏதோ ஓர் அயல்மொழி, சமையலறை வாசலில் நின்றுகொண்டு உரக்க. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால், 'ரயில் நிலையம் எங்கே இருக்கிறது' என்று அர்த்தமாம். எங்கே இருந்தால் என்ன, டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் நானே கண்டுபிடித்துப் போய்விடுவேன். சேவைக்காக என் டப்பாக்களையெல்லாம் அகரவரிசையில் அடுக்கிவைத்தார். உப்பைத் தேடித் தேடி அலுத்துப்போய்க் கேட்டால், 'சமையல் உப்பு' என்று 'ச'வில் வைத்திருக்கிறாராம்.

உறவுப் பங்குக்கு நான். கைபேசியில் அலாரம் வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்வார்.

"சொல்லு, உன் மனசுல என்ன இருக்கு?"

"அடுப்புல பால் இருக்குங்க."

"அது மனசு இல்ல. ஆழமா யோசிச்சுச் சொல்லு."

பால் பொங்கி வழிந்தது. பதறாமல் மூச்சை இழுத்து விடச் சொன்னார்.

ஒரு நாள் நிஜமாகவே சொல்ல ஆரம்பித்தேன் அண்ணி. பிள்ளைக்கு வேலை மாறுகிறது, தூரமாகப் போகப்போகிறான். வீடு வெறிச்சென்று ஆகிவிடுமே என்று உள்ளுக்குள் எனக்குப் பயம். பேச்சைப் பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைக்கிறேன், அலாரம் அடித்துவிட்டது. "நாளைக்குத் தொடரலாம்" என்று எழுந்து தியானத்துக்குப் போய்விட்டார். எனக்கு ரொம்ப வலித்தது. சோபாவில் கிடந்த காலத்தில், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் 'உம்' கொட்டியாவது முழுசாகக் கேட்பார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மதியத் தூக்கத்தில் கைவைத்துவிட்டார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தலையணையில் சாயும்போது, கொஞ்ச நேரத்துக்கு நான் யாருக்கும் எதுவும் இல்லை. இப்போது சரியாகக் கண் செருகும் நேரம் பார்த்துத் தோளைத் தட்டுகிறார்.

"பகல்ல தூங்குறது வளர்ச்சிக்குத் தடை. எழுந்திரு, சேர்ந்து மூச்சுப் பயிற்சி பண்ணுவோம்."

"சக்கரத்துல ஓய்வுனு ஒரு பங்கு இருக்கே?"

"அது விழிப்போட எடுக்கிற ஓய்வு."

போன வாரம் இருவரும் டாக்டரிடம் போனோம். உங்கள் தம்பிக்கு ரத்த அழுத்தம் அருமையாக இறங்கியிருக்கிறது என்று டாக்டர் கைகுலுக்கினார். எனக்குப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார், ஏறியிருக்கிறது. அழுத்தம் வீட்டைவிட்டு எங்கேயும் போகவில்லை அண்ணி, ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறது. "நல்லாத் தூங்குறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தம்பி முந்திக்கொண்டார்: "இப்பல்லாம் பகல்ல தூங்குறதே இல்ல டாக்டர். நல்ல முன்னேற்றம்."

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தம்பியைக் கொஞ்ச காலம் உங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தையும் கிழியாமல் உரித்துக் கொடுத்தனுப்புகிறேன். சண்டைக்கு வரவில்லை, அதற்கு என்னிடம் தெம்பும் இல்லை. நான் தூங்க வேண்டும்.

அண்ணனுக்கு என் வணக்கம். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், யாரும் தட்டி எழுப்பாமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, ஆனால் மறந்துவிடுங்கள். யாரும் வர வேண்டாம். மனைவிமாருக்கென்று தனி முகாம் நடத்துகிறார்களாம். என் முன்னேற்றம் போதவில்லை என்று உங்கள் தம்பி என் பெயரைக் கொடுத்துவிட்டார். பெயரை அடிக்கச் சொல்லத்தான் அங்கே போன் செய்தேன். எடுத்த பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "காலைல ஒரு வகுப்புதாங்க. சாப்பாடு முடிஞ்சதும் எல்லாரும் அவங்கவங்க ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கிடுறாங்க. நாங்களும் எழுப்புறதில்ல." நாளைக் காலை கிளம்புகிறேன். பெட்டியில் முதலில் வைத்தது தலையணையைத்தான். உங்கள் தம்பிக்கு ஒரே பூரிப்பு. எப்போது திரும்புவாய் என்று கேட்டார். முழுசாக வளர்ந்த பிறகுதான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.