கியர் மாஸ்டரும் சமதரையும்

உலகத்தில் கரப்பந்தாட்டத்தைக் கியர் போட்டுச் சொல்லிக்கொடுத்த ஒரே மனிதர் எங்கள் கியர் மாஸ்டர்தான். இன்னொருவர் இருந்தால் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்து வாருங்கள், நானே மாலை போடுகிறேன்.

அவருக்கு வேலை கொழுந்து லொறி ஓட்டுவது. சொந்தப் பெயர் தோட்ட ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். பின்னேரம் கடைசி நடைக் கொழுந்தைத் தேயிலை ஸ்டோரில் இறக்கியதும், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண் பிள்ளைகள் ஒன்பது பேரைக் கூட்டி வலை கட்டிவிடுவார். "பஸ்ட்டு கியர்!" என்றால் பந்தை மெல்லத் தூக்க வேண்டும். "டாப்பு!" என்றால் ஓங்கி அடிக்க வேண்டும். "ரிவஸ்ஸு, ரிவஸ்ஸு!" என்றால் திரும்பிப் பார்க்காமல் பின்னால் ஓட வேண்டும். தேயிலைச் செடி முதுகில் குத்தினால் அது எங்கள் பாடு. கை தவறினால் மட்டும் ஏச மாட்டார். "இன்ஜின் சூடாயிருச்சு, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்று போத்தலை நீட்டுவார்.

தோட்டத்தில் மட்டமாக இருந்த ஒரே இடத்தில் தோட்டத்து மேலாளரான துரையின் பங்களா இருந்தது. ஆகவே எங்கள் கிரவுண்ட் சரிவில். மேட்டில் நின்றால் எதிராளியின் உச்சந்தலை தெரியும், பள்ளத்தில் நின்றால் பாதம் தெரியும். சர்வீஸிலும் மேட்டு அடி ஒன்று, பள்ளத்து அடி ஒன்று என்று இரண்டு விதமாகப் பழகியிருந்தோம். ஊரெல்லாம் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்பது எங்கள் நினைப்பு.

பதுளையில் போட்டி வந்தது. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "தோத்துட்டு வந்தீன்னா இனிமே பந்தத் தொடக் கூடாது. படிக்கிற புள்ளைக்கு எதுக்கு இந்தக் குதியாட்டம்?" எனக்கோ பந்து இல்லாவிட்டால் சோறு இறங்காது. மாஸ்டரிடம் சொல்லி மூக்கைச் சிந்தினேன். அவர் தண்ணிப் போத்தலை நீட்டினார்.

பதுளை மைதானத்தைப் பார்த்ததும் எங்கள் கெப்டன் செல்வி, "மாஸ்டர், இதுல எது மேட்டுப் பக்கம்?" என்று கேட்டாள். மாஸ்டர் இந்தப் பக்கம் குந்திப் பார்த்தார், அந்தப் பக்கம் குந்திப் பார்த்தார். "அடக் கடவுளே, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு!" என்றார்.

முதல் செட்டில் எங்கள் மேட்டு அடியெல்லாம் வலையில் விழுந்தது. பள்ளத்து அடி கோட்டைத் தாண்டிப் போய்க் கச்சான் கடலை விற்பவரின் கூடையில் விழுந்தது. எதிரணிப் பயிற்றுநர், ஜெயித்த பிறகும் தன் பிள்ளைகளை "மாடு மாதிரி நிக்கிறீங்களே!" என்று கத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஆள் மெதுவாக வந்தார்.

"புள்ளைகளா, பிழை என்னோடது. மட்ட ரோட்டுல ஓட்ட நான் ஒங்களுக்குப் பழக்கல. ரெண்டு அடிக்கும் நடுவுல ஒரு கியர் இருக்கு, தேடிப் பாருங்க."

தேடினோம். இரண்டாம் செட் எங்களுக்கு! மூன்றாவது இரண்டே புள்ளி வித்தியாசத்தில் கைவிட்டுப் போயிற்று. கடைசிப் பந்தை வெளியே அடித்த புண்ணியவதி நான்தான்.

லயத்து வாசலில் அப்பா நின்றிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் மாஸ்டர் முன்னால் போய்விட்டார்.

"அண்ணே, தோத்தது நானு. சரிவுல பழக்கி மட்டத்துல எறக்கி விட்டுட்டேன். புள்ள நல்லாத்தான் வெளையாடுச்சு. நிப்பாட்டுறதுன்னா என்னைய நிப்பாட்டுங்க."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்கள நிப்பாட்டிட்டு இந்த ஒம்பதையும் யாருங்க மேய்க்கிறது?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்குப் போனார். பின்னாலேயே இன்னும் நாலைந்து அப்பாமார். மண்ணை வெட்டி மட்டமாக்க மூன்று ஞாயிறு பிடித்தது.

தோற்றபோது நான் அழவில்லை. எனக்காக ஒருவர் என் அப்பாவின் முன்னால் தலை குனிந்து நின்றாரே, அதற்குத்தான் லயத்துக்குப் பின்னால் போய் அழுதேன். இப்போது பதுளையில் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். என் பிள்ளைகள் தோற்கிற நாட்களில் அவரைப் போலப் பேசிப் பார்க்கிறேன். பாதிதான் வருகிறது. மீதிக்கு அவருக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிடுகிறேன்.