சந்தேஷ் மீனுக்குச் செதில் எடுத்தவன்

"முற்பகல் 10.40: மீன் வந்தது. 10.55: செதில் எடுக்கத் தொடங்கினேன். 11.05: பிடிபட்டேன்."

என் தங்கை காயத்ரியின் கல்யாணத்துக்கு முந்தின நாள் என் நோட்டுப் புத்தகத்தில் நானே எழுதிய குறிப்பு இது. எழுதியவன் கேக்கைக்கூட முட்டை இருக்குமோ என்று மோந்து பார்த்து ஒதுக்குகிற சுத்த சைவம். (சாட்சிக்கு ஆள் இருக்கு.)

நாங்கள் வங்காளத்தில், லேக் மார்க்கெட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். மாப்பிள்ளை அர்ணாப் வங்காளி, நியூ டவுனில் வீடு. அம்மா இந்தக் கல்யாணத்துக்கு ஒரே நிபந்தனையில்தான் சம்மதித்தாள்.

"மாப்பிள்ளை எந்த ஊரா வேணா இருக்கட்டும். என் வாசப்படிக்குள்ள மீன் வரக்கூடாது. வந்தா நான் தாரை வார்க்க வரமாட்டேன்."

சிக்கல் என்னவென்றால், மஞ்சள் பூசும் நாளில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் சீர்த் தட்டுகள் அனுப்புவார்கள். அதில் ராஜ மரியாதை, புடவை சுற்றிய ஒரு முழு ரோகு மீனுக்குத்தான். அம்மா மனம் நோகக்கூடாது, வழக்கமும் விட்டுப்போகக்கூடாது என்று அர்ணாபின் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். (அப்பாவின் சகோதரியை அங்கே பிஷி என்பார்கள்.) சந்தேஷ் என்கிற பால் இனிப்பில் மூன்று கிலோவுக்கு ஒரு மீன் செய்யச் சொல்லிவிட்டார். கண்ணுக்கு உலர்ந்த திராட்சை, நெற்றியில் குங்குமம், சிவப்புப் புடவை, உடம்பு முழுக்கச் செதில் செதிலாக, இனிப்போடு சேர்த்தே தின்னும் மெல்லிய வெள்ளித் தாள். பார்த்ததும் அம்மாவே சிரித்துவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. முந்தின வாரம்தான் வெள்ளித் தாளைப் பற்றி ஒரு கட்டுரை படித்திருந்தேன். அந்தக் காலத்தில் வெள்ளியை மாட்டுக் குடல் தோல்களுக்கு நடுவே வைத்துத் தட்டித் தட்டித்தான் மெல்லிசாக்குவார்களாம். இப்போது அதற்குத் தடை உண்டு. எல்லோரும் கேட்டு நடக்கிறார்களா, யார் கண்டது? (படிக்கிறது நல்ல பழக்கம்னு சொன்னவங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.)

சொன்னால் அம்மா தாரை வார்க்க மாட்டாள். சொல்லாவிட்டால் தெரியாமல் தின்பாள். இரண்டுக்கும் நடுவே என் மூளை ஒரு மூன்றாவது வழியைக் கண்டது: யாருக்கும் தெரியாமல் சுரண்டிவிடலாம்.

தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக் கதவைச் சாத்தினேன். தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். மீனின் புடவையை அவிழ்த்து (மன்னிக்கணும், வேற வழியில்ல), இடது கையால் வாலைப் பிடித்து, கரண்டியால் தலையிலிருந்து கீழே சுரண்டினேன். வெள்ளி தனியாக வரவில்லை. சந்தேஷையும் கூட்டிக்கொண்டு வந்தது. என் மீசையில், கண்ணாடியில், புது வேட்டியில் எங்கும் பளபளக்கும் செதில்கள்.

கதவு திறந்தது. சீரோடு வந்திருந்த பிஷி தண்ணீர் கேட்டு நுழைந்தார், பின்னாலேயே அம்மா.

"ஏ கீ!" என்று அலறினார் பிஷி. அம்மா அதையே தமிழில் அலறினாள்: "டேய், என்னடா இது!"

இரண்டு மொழியிலும் உண்மையைச் சொன்னேன். குடல் என்ற சொல்லை இரண்டிலும் மெல்லச் சொன்னேன். பிஷியின் முகம் வாடிவிட்டது.

"மூணு கடை ஏறி இறங்கினேனே. முட்டை கூடாது, எசென்ஸ் கூடாதுன்னு பக்கத்துலயே நின்னேன். வெள்ளியில மாடு இருக்கும்னு யார் கண்டா?" என்று வங்க மொழியில் சொன்னவருக்குக் கண் கலங்கியது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தான் உடுத்தியிருந்த பட்டுப் புடவையைப் பார்த்தாள்.

"இதுக்கு எத்தனை பூச்சி வெந்துச்சுன்னு எனக்குத் தெரியாதாடா? இதைக் கட்டிக்கிட்டுத்தான் கோயிலுக்கே போறேன். சம்பந்தி வீட்டு மனுஷியை அழ வெச்சுட்டியே! எழுந்திரு முதல்ல."

நான் எழுவதற்குள் பிஷி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

"செதிலை வால்லேர்ந்து தலைப் பக்கமா எடுக்கணும், பாபா. நீ சதையையே கிழிக்கிற."

இரண்டே நிமிடத்தில் மீன் மொட்டையானது. அம்மா வாலை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். மறுநாள் தாரையும் வார்த்தாள்.

இப்போதும் அர்ணாப் சந்தையிலிருந்து மீனோடு வந்தால், காயத்ரியின் மகள் எனக்குத்தான் போன் போடுகிறாள்: "மாமா, மாச் எசேச்சே! கரண்டியோட வா!" மீன் வந்துவிட்டதாம்.

மிட்டாய்க் கடைக்காரரை அந்த வாரமே போய் விசாரித்தேன். "மெஷின்ல தட்டினது" என்றார். எந்த மெஷின், எங்கே என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு சந்தேஷ் கொடுத்தார். (தின்னேன். வெள்ளி இல்லாதது.) அந்த வெள்ளித் தாள் எதன் நடுவே வைத்துத் தட்டப்பட்டது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.