முந்தானையில் தொங்கிய ஒயர்

நெஞ்சு படபடத்தபோதெல்லாம் அதற்குக் காதல் என்று பெயர் வைத்த முட்டாள் நான். காதலிக்க ஆள் இல்லை என்பது ஒரு குறையாகவே தெரியவில்லை. (கனவு காண்பதற்கு ஆள் எதற்கு?)

அப்போது பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலை. அன்னமும் மாங்காயும் வரைந்துகொண்டே நாளுக்கு ஏழு டீ குடிப்பேன். தூக்கம் கொஞ்சம்தான். ஒருநாள் மார்புக்குள் ஏதோ துள்ளி, நின்று, மறுபடி துள்ளியது. டாக்டரிடம் போனேன்.

“டீ, தூக்கமின்மை, பயம், ரத்தசோகை, தைராய்டு, எதனாலும் துடிப்பு தப்பலாம். வால்வுக் கோளாறாகவும் இருக்கலாம். பார்த்துவிடுவோம்” என்றவர், மார்பில் ஸ்டிக்கர்கள் ஒட்டி, அவற்றின் ஒயர்களை இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியில் மாட்டிவிட்டார். ஒரு நாள் முழுக்கக் கழற்றக் கூடாது. என்ன செய்தேன், துடிப்பு தப்பியதா என்று நேரம் போட்டுத் தாளில் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்தால், பக்கத்து ஊரான கூரத்திலிருந்து அன்று மாலையே பெண் பார்க்க வருகிறார்களாம்.

“பொட்டி மாட்டிக்கினு இருக்கிற பொண்ண எவன்டி கட்டுவான்?” என்று அம்மா அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கனமான பட்டா கட்டு. வெளிய தெரியாது” என்றாள். பயம் எனக்கும்தான்.

வந்தார்கள். வடைத் தட்டை நீட்டினேன். மாப்பிள்ளையைப் பார்த்தேன். சமையலறைக்கு ஓடி எல்லாவற்றையும் நேர்மையாக எழுதி, தாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சாயங்கால வெயில் சரிகையில் விழுந்து அறையே பொன்னாகிவிட்டது. இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கக் கோட்டையே புடவையின் கோபுரக் கரையாக நெய்தால் எப்படி இருக்கும்? அவ்வளவுதான், அதற்குமேல் நான் அங்கே இல்லை. ரவிக்கையிலிருந்து ஒரு ஒயர் நழுவி முந்தானை ஓரத்தில் தொங்கியதைக் கவனிக்கவும் இல்லை.

பட்டு நெய்யும் எங்கள் பக்கத்தில் புடவையைப் புரட்டிப் பின்பக்கம் பார்க்காமல் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைப் புரட்டினார்.

“நல்ல புடவைதான்மா. ஆனா சரிகை பிரிஞ்சி தொங்கிக்கினு இருக்குதே” என்று ஒரே இழுப்பு.

ஸ்டிக்கர் பிய்ந்தது. நான் அலறினேன். பெட்டி மடியில் விழுந்தது, தாள் மாப்பிள்ளையின் காலடியில். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இதுக்கா அழுவுற? நானும் இந்தப் பொட்டிய மாட்டிக்கினு இருந்தவதான்மா” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம்னு வந்துது. யாரும் கவனிக்கல. அதுலயே வால்வு கெட்டு, ஆபரேசன் வரைக்கும் போச்சி. நீயாவது நேரத்தோட காட்டிக்கினியே.”

அவரே உள்ளே அழைத்துப்போய் ஸ்டிக்கரை மறுபடி ஒட்டிவிட்டார். திரும்பி வந்தால், மாப்பிள்ளை தாளை வாசித்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சு பத்து: வடை வாசனை, ஒரு துள்ளல். அஞ்சு இருபது: மாப்பிள்ளை முகம், ஒன்றும் இல்லை.” நிமிர்ந்தார். “வடைக்கு இருக்குது, எனக்கு இல்லியாங்க?”

மறுநாள், பெரிய கோளாறு இல்லை, டீயைக் குறைத்துத் தூங்கினால் போதும் என்றார் டாக்டர். ஆனால் பெட்டியின் பதிவில், ஐந்து இருபதுக்குத்தான் அதிகத் துள்ளல்கள்!

அது தன் முகத்துக்குத்தான் என்கிறார் என் கணவர். அதற்குச் சற்று முன்னால் சமையலறையில் குடித்த டீக்கு என்கிறேன் நான். வழக்கு இன்னும் தீரவில்லை. மாமியாருக்கோ இப்போதும் எந்தக் கல்யாணத்தில், யார் புடவையில் நூல் தொங்கினாலும் ஒரே கூப்பாடுதான்:

“இழுக்காதீங்கபா, உள்ள ஆளு இருக்குது!”