வீடு பார்க்க வந்தவர்

ஒரே வீட்டில் இரண்டாம் தரமும் களவு போக வேண்டுமென்றால் வீட்டுக்காரரின் ஒத்துழைப்பு கொஞ்சமாவது வேண்டும். எங்கள் வீட்டில் அதை வழங்கியவன் நான். தேத்தண்ணியோடு வழங்கினேன்.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள். எனக்கு இருபத்தொரு வயது. உயர்தரப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டைவிட்டு, மூன்றாம் தரத்துக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். (படித்தது பேப்பரில் வரும் கிரிக்கெட் செய்தியை.) ஒரு வெள்ளிக்கிழமை வாப்பாவும் நானும் ஜும்ஆவுக்குப் போயிருந்தோம். உம்மாவும் எனக்கு மூத்த ராத்தாவும் அடுத்த தெருவில் பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தார்கள். திரும்பி வந்தால் பின்கதவுத் தாழ்ப்பாள் உடைந்து கிடக்கிறது. ரேடியோவும் இரண்டு பித்தளைக் குடங்களும் போய்விட்டன. ராத்தாவின் கலியாணத்துக்கென்று சேர்த்த சாரிகளும் நகையும் இருந்த அலுமாரி மட்டும் பூட்டுத் திறபடாததால் தப்பியது.

"வழி தெரிஞ்சவன் மறுகாவும் வருவான்" என்றார் வாப்பா.

வரட்டும் பார்ப்போம் என்று நான் ஒழுங்கைக் காவல் குழு ஒன்றை அமைத்து, என்னையே செயலாளராகவும் நியமித்துக்கொண்டேன். முகம் தெரியாத யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எந்த ஊர், யார் வீட்டுக்கு, என்ன அலுவல். பதில்களை ஒரு கொப்பியில் எழுதுவேன். முதல் கிழமையில் மீன்காரரை மட்டும் ஏழு தரம் பதிந்தேன். எட்டாம் நாள் அவர் கோபித்துக்கொண்டு அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டார். பதினொரு வீட்டிலும் பருப்புக் கறி.

எதிர்வீட்டுக் கதீஜா மாமிக்கு என் குழுவில் நம்பிக்கை இல்லை. அவர் முப்பது வருடமாகக் கிடுகு வேலி இடுக்கால் ஒழுங்கையைப் பார்த்து வருகிறவர். "மாமி, வேலியால எட்டிப் பாக்கிற காலம் போச்சு. இப்ப எல்லாம் ஒரு ஒழுங்குமுறையா நடக்கணும்" என்று அவருக்குப் புத்தி சொன்னேன். (அந்த வாயை நினைத்தால் இன்றும் எனக்கே அறையத் தோன்றுகிறது.)

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். அதனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பார்கள். சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை பகுதியார் அந்தக் கிழமை வருவதாகத் தரகர் சொல்லியிருந்தார். ராத்தாவுக்கு ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தன. இதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் உம்மா நேர்ச்சை வைத்து நோன்பு பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலை, பத்து மணியிருக்கும். வாப்பா வயலுக்குப் போயிருந்தார். வெள்ளைச் சாரம், தொப்பி, கையில் குடை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்கள் வேலி வாசலில், கடப்படியில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொப்பியோடு பாய்ந்தேன்.

"எந்த ஊர்?"

"சம்மாந்துற."

கொப்பியை மூடிவிட்டேன். "வீடு பாக்க வந்தீங்களா?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "ஓம் தம்பி. வீட்டத்தான்."

மனுசன் பொய்யே சொல்லவில்லை.

ராத்தாவும் உம்மாவும் அடுப்படித் திரைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார்கள். நான் சுற்றிக் காட்டினேன். அறைகள், கிணறு, அலுமாரி, அலுமாரிச் சாவி தொங்கும் ஆணி. பின்கதவுக்கு வந்ததும் என் கைத்திறமையையும் காட்டினேன்: "தாழ்ப்பாள் உடஞ்சிட்டு. நான்தான் கயித்தால கட்டினன். இஞ்ச பாருங்க, இப்பிடி இழுத்தா அவிழும்."

"நல்ல முடிச்சி" என்றார். பிறகு கேட்டார்: "வீட்டுல எப்பயும் ஆக்கள் இருப்பாங்களா?"

மாப்பிள்ளைக்குத் துணை இருக்குமா என்று கவலைப்படுகிறார் என நினைத்து, யார் எந்த நேரத்தில் எங்கே போவோம் என்பதை ஏழு நாளுக்கும் ஒப்புவித்தேன்.

திரைக்குள்ளிருந்து தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் வந்தன. அவர் இரண்டாவது துண்டை எடுக்கும்போது கதீஜா மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீங்க என்ன குடி?"

குடி என்பது தாய் வழியாக வரும் குலம். எங்கள் ஆட்களில் வீட்டு விலாசத்தை மறந்தவன் இருப்பான், குடியை மறந்தவன் இருக்கமாட்டான். சம்பந்தம் பேச வருகிறவர்கள் அதைச் சொல்லிக்கொண்டுதான் படியே ஏறுவார்கள்.

அவர் தொதலை விழுங்கினார். "நாங்க... எல்லாக் குடியும் கலந்துதான்."

"கள்ளன்டா!" என்று மாமி போட்ட சத்தம் கடற்கரைக்குக் கேட்டிருக்கும். வந்தவர் பின்கதவுக்கு ஓடினார். நான் சொல்லிக்கொடுத்தபடி இழுத்தார், முடிச்சு அவிழ்ந்தது. கிணற்றடியில் நின்ற வாப்பாவின் சைக்கிளில் ஏறிப் போயே போய்விட்டார். குழு கூடியபோது மிஞ்சியிருந்தது அவருடைய குடைதான். அதுவும் ஓட்டை.

சைக்கிள் போனதைவிட, சாவி தொங்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது என்னை அரித்தது. இரண்டு இரவு உறங்கவில்லை. இனி ஒருவனிடமும் ஏமாறுவதில்லை என்று முடிவெடுத்தேன். அதுதான் பெரிய பிழை.

மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். "சம்மாந்துறயில இருந்து வாறம். வீட்டப் பாக்கணும்" என்றார் பெரியவர்.

"முந்தி வந்தவரும் இதத்தான் சொன்னாரு!" என்று கடப்பை இழுத்துக் கயிற்றால் கட்டினேன். குழு பொல்லுத் தடிகளோடு சூழ்ந்தது. பெரியவர் தன் குடியைச் சொன்னார். "அதயும் பாடமாக்கிட்டு வந்திருப்பான்" என்றேன். கதீஜா மாமி அன்று பார்த்து மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பெரியவரின் முகம் கறுத்தது. "வா, போவம். இந்தச் சம்பந்தம் நமக்கு வேணா" என்று திரும்பினார். அப்போதுதான் இவர்கள் மெய்யான மாப்பிள்ளை பகுதியார் என்பது எனக்கு உறைத்தது. ராத்தாவின் வாழ்க்கையைக் கயிற்றால் கட்டிவைத்துக்கொண்டு நிற்கிறேனே என்று வெட்கத்தோடு கடப்பை அவிழ்க்கப் பாய்ந்தேன். முடிச்சை அவிழ்க்கவும் வரவில்லை.

அந்நிய ஆண்களுக்கு முன்னால் அதுவரை குரல்கூடக் காட்டாத ராத்தா, திரைக்குள்ளிருந்து ஒழுங்கைக்கே கேட்கக் கூப்பிட்டார்:

"மாமா, போகாதீங்க! தம்பிக்கு மூள கொஞ்சம் காணாது. நீங்க உள்ள வாங்க."

பெரியவர் நின்றார். பிறகு பொல்லுக்காரர்களும் பயப்படுகிற மாதிரிச் சிரித்தார். "இந்தப் புள்ளதான் நம்மட மாப்பிளைக்குச் சரி" என்றபடி கடப்பைத் தாண்டிக் குதித்து உள்ளே வந்தார்.

குழு அன்றே கலைந்தது. காவல் கதீஜா மாமியின் வேலிக்குத் திரும்பியது. பிறகு அந்த ஒழுங்கையில் ஒரு செம்புகூடக் களவு போகவில்லை. ராத்தாவின் கலியாணம் அடுத்த அறுவடையோடு நடந்தது. மச்சான் அந்த வீட்டில் நாற்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறார். எந்த விருந்துக்குப் போனாலும், நான் வாயில் சோற்றை வைக்கும் நேரம் பார்த்து என்னைக் காட்டிப் புது ஆட்களிடம் முறைப்பாடு செய்வார்:

"மச்சான் இந்த ஊட்டக் கள்ளனுக்கு மூல முடுக்கெல்லாம் சுத்திக் காட்டினவர். எனக்கு இண்டைக்கு வரைக்கும் காட்டல்ல."