நான் முறித்த ஏழு நோன்பு

ஏழு பேருடைய நோன்பை ஒரே வார்த்தையில் முறித்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை, உதவி செய்யப் போய்ச் செய்தேன். என் வாழ்க்கையின் பெரிய தவறுகள் எல்லாமே உதவி செய்யப் போய்ச் செய்தவைதான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்து மூன்று வயது, கல்யாணமாகி மூன்று மாதம். நீலசந்திராவில் வீடு, சிவாஜிநகரில் ஒரு தையல் கடையில் வேலை. சட்டைக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, எடுப்பதும் பொத்தான் வைப்பதும் என் பொறுப்பு. கடை கபூர் மாஸ்டருடையது. அவரையும் சேர்த்து ஏழு தையற்காரர்கள், ஏழு பேரும் முஸ்லிம்கள். எட்டாவது ஆளான நான் முருக பக்தன்.

நான் சேர்ந்த பிறகு வந்த முதல் ரம்ஜான் அது. முதல் நாள் காலையில், டீ வாங்கி வரட்டுமா என்று பக்கத்து மிஷின் சலீமிடம் கேட்டேன்.

"வேணாம்பா, ரோஜா வெச்சிருக்கேன்" என்றார்.

நான் அவர் சட்டைப் பையை எட்டிப் பார்த்தேன். காதோரமும் பார்த்தேன். (டீக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று வெகுநேரம் யோசித்ததையும் ஒப்புக்கொள்கிறேன்.) அவர்கள் பேச்சில் நோன்புக்கு அதுதான் பேர் என்பதை, சிரித்து முடித்த பிறகு சொன்னார்.

அன்றிலிருந்து எனக்குக் கேள்வி பிடித்துக்கொண்டது. காஜா எடுப்பவனுக்குக் கையில்தான் வேலை, வாய் சும்மாத்தான் இருக்கும். தொழுகை நேரத்தில் ஏழு மிஷினும் நின்று, துணிகளை ஒதுக்கிவிட்டு அவர்கள் வரிசையாக நிற்பார்கள். சுவரில் ஒரு படம்கூட இல்லையே, எதைப் பார்த்துக் கும்பிடுகிறீர்கள் என்று மாஸ்டரைக் கேட்டேன்.

"படம் கிடையாது. திசை மட்டும்தான்" என்றார்.

நோன்பைப் பற்றிய கேள்விகளுக்கு சலீம்தான் பொறுப்பு.

"தண்ணி கூடவா குடிக்கக் கூடாது?"

"கூடாது."

"எச்சில்?"

"உன் எச்சில்தானே, முழுங்கிக்கோ."

"மறந்து போய் எதையாவது தின்னுட்டா?"

"மறந்து தின்னா நோன்பு போகாது. அல்லாவே ஊட்டினதா வெச்சுக்குவோம்."

"பின்னாடி குழாய்க்குப் போய், யாருக்கும் தெரியாம ஒரு வாய் குடிச்சா?"

சலீம் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "யாருக்கும் தெரியாமன்னு ஒண்ணு ஏதுப்பா? அவனுக்குத் தெரியுமே. உனக்காகவோ மாஸ்டருக்காகவோ இருந்தா, நான் எப்பவோ குடிச்சிருப்பேன்."

நானும் சஷ்டி விரதம் இருப்பவன்தான். ஆனால் என் விரதத்தில் பாலுண்டு, பழமுண்டு, பசி தாங்காவிட்டால் உப்புமாவும் உண்டு.

பாதி மாதம் போனபின் ஒரு சாயங்காலம் நல்ல மழை. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்கவில்லை. நடுவில் கஞ்சிப் பானை, தட்டில் பேரீச்சம்பழம், சமோசா. ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாகப் பள்ளிவாசலிலிருந்து பாங்குச் சத்தம் வந்ததும் நோன்பு திறப்பார்கள். அந்தக் காலத்தில் மைக் எல்லாம் கிடையாது.

"இந்த மழையில பாங்கு எங்கே கேக்கப் போவுது" என்றார் மாஸ்டர்.

நோன்பு திறக்கும் நேரம் அச்சடித்த அட்டை சுவரில் தொங்கியது. கடைக் கடிகாரம் நின்று பல மாதமாகியிருந்தது. ஆனால் என் கையில், என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரம் இருந்தது. கடையில் கைக்கடிகாரம் கட்டிய ஒரே ஆள் நான்தான். அட்டையைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். நீதிபதி தீர்ப்புச் சொல்லும் குரலில், "ஆயிடுச்சு" என்றேன்.

பிஸ்மில்லா சொல்லி ஏழு பேரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானே கரண்டியை எடுத்துக் கஞ்சி ஊற்றினேன். இரண்டாவது சுற்று ஊற்றும்போது, குழாயை மூடியதுபோல மழை நின்றது.

பாங்கு கேட்டது. நிதானமாக, தெளிவாக.

ஏழு தாடைகளும் நின்றன. சலீமின் கையில் பாதி சமோசா. எல்லோரும் என் மணிக்கட்டைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"என்னாப்பா உன் வாட்சு?" என்றார் மாஸ்டர்.

"நல்லாத்தான் ஓடுது மாஸ்டர். பத்து நிமிஷம் முன்னால வெச்சிருக்கேன்."

"ஏன்?"

"காலையில பஸ்ஸ விட்டுடக் கூடாதுன்னு."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். நான் தட்டுத்தடுமாறி, "மறந்து சாப்பிட்டா நோன்பு போகாதுன்னு சொன்னீங்களே" என்றேன்.

"நாங்க எங்கேப்பா மறந்தோம்? நீதானே மறந்தே" என்றார் சலீம்.

மறுநாள் மாஸ்டர் பள்ளிவாசல் இமாமிடம் கேட்கப் போனார். வேலை போகுமா, ஏழு பேர் பாவமும் என் தலையில் விழுமா என்ற நடுக்கத்தில், நான் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். மாஸ்டர் வெளியே வந்து, "தெரியாம நடந்தது, பாவம் இல்லே. பெருநாள் போனதும் அதுக்குப் பதிலா ஒரு நாள் பிடிச்சுடணும், அவ்வளவுதான்" என்றார்.

"எனக்கு என்ன சொன்னாரு?"

"உனக்கென்ன? நீதான் நோன்பே வெக்கலியே."

அதுதான் உறுத்தியது. தப்பு செய்தவன் சாப்பிட, ஏழு பேர் பட்டினியா? அவர்களோடு நானும் அன்று நோன்பு பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

பெருநாள் முடிந்து அந்த நாளும் வந்தது. காலையில் எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்றதும், என் மனைவி சரோஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்து சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னா வாயத் தொறந்து சொல்றதுதானே" என்றாள். அவளிடம் அதுவரை மறைத்து வைத்திருந்த கதையை முழுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க ஒருத்தர் வாயத் தொறந்ததுக்கு, ஏழு பேர் வாய மூடிக்கணுமா?"

அத்தனை கேள்வி கேட்ட நான், விடிவதற்கு முன் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பதை மட்டும் கேட்காமல் விட்டிருந்தேன். முந்தின ராத்திரி இரண்டு தோசையோடு படுத்தவன். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு சட்டையில் ஆறு பொத்தானும் ஏழு காஜாவும் வந்தன. நாலு மணிக்கு சலீமே, "உனக்குக் கடமை இல்லேப்பா, போய்ச் சாப்பிடு" என்றார். முகம் கழுவப் பின்னால் போனேன். குழாயடியில் யாருமில்லை. தண்ணீர் விழுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

சாயங்காலம் வானம் பளிச்சென்று இருந்தது. பாங்கு நன்றாகவே கேட்டது. ஆனாலும் ஏழு பேரும் தட்டைத் தொடாமல் என்னையே பார்த்தார்கள். மாஸ்டர் ஒரு பேரீச்சம்பழத்தை என்னிடம் நீட்டினார்.

"முதல்ல நீ சாப்பிடு. அப்புறம்தான் நாங்க நம்புவோம்."

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சரோஜா அதை விடவில்லை. நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், "இதுக்கு எத்தன பேர் நோன்பு பிடிக்கணும்?" என்பாள். பிள்ளைகளுக்கும் அது தொற்றிக்கொண்டது, அவர்கள் பிள்ளைகளுக்கும். போன வாரம் வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, சந்தாபுரா பஸ் ஒன்பது மணிக்குத்தான் என்று சொன்னேன். புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் பேத்தி கேட்டாள், "எத்தன பேர் தாத்தா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் நேராக விசாரித்துவிட்டு வரப் புறப்பட்டேன்.