கேபினெட்டுக்குக் கால் வரைந்தேன்

இனிமேல் இந்த வீட்டில் குனிவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். குனிந்தபடிதான் எடுத்தேன். அப்போது என் தலை சமையல் மேடைக்கு அடியில் இருந்தது.

எங்கள் வீட்டுச் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை பெருக்குவது நான். கூடம், படுக்கையறை எல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை. சமையலறைக் கேபினெட்தான் என் எதிரி. அதற்குக் கால்கள் உண்டு. கால்களுக்கு நடுவே சந்து உண்டு. அந்தச் சந்துக்குள் வெங்காயத் தோல், ரப்பர் பேண்ட், பாட்டில் மூடி, எப்போதோ காணாமல் போன ஸ்பூன் என்று ஒரு கூட்டுக் குடும்பமே வாடகை தராமல் இருந்தது. காலி செய்ய வைக்க நான் தரையில் படுக்க வேண்டும். மனைவி காலில் விழுந்தாலும் ஒரு சமாதானம் கிடைக்கும். கேபினெட் காலில் வாராவாரம் விழுகிறவனுக்கு என்ன கிடைக்கும்? தும்மல்தான் கிடைக்கும்.

நல்லவேளை, அந்தக் கேபினெட் தண்ணீரில் ஊறிப் பல்லை இளித்துவிட்டது. புதிதாகச் செய்தாக வேண்டும். புதியது தரையோடு தரையாக உட்கார வேண்டும், சந்து என்ற பேச்சே கூடாது என்பது என் திட்டம். மனைவிக்கு வேறு ஆசை. வளைந்த கால், காலுக்கு மேலே ஒரு பூ, இரண்டு காலுக்கும் நடுவே அலை அலையாக வெட்டிய பலகை. எந்தப் பத்திரிகையில் பார்த்தாளோ!

நேருக்கு நேர் மோதினால் தோற்பேன். அது அனுபவம். அதனால் விஞ்ஞானத்தைத் துணைக்குக் கூப்பிட்டேன். வீட்டை வடிவமைக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சமையலறையை அளந்து போட்டு, கேபினெட்டைப் பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"என்னங்க இது, கால் இல்லாம சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கு?"

"இந்த சாஃப்ட்வேர்ல கால் வராதும்மா."

"வராதா?"

"சுத்தமா வராது. பெட்டிதான். உலகமே பெட்டிக்கு மாறிடுச்சு."

முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். அவளும் வருத்தப்பட்டாள்.

"சரி விடுங்க. உங்களால முடிஞ்சதைத்தானே நீங்க செய்ய முடியும்."

"என்னால முடியாதுன்னு சொல்லலையே. அதுல வராதுன்னுதான் சொன்னேன்."

"ஆமாமா. எதிர்வீட்டுக்காரர் இதே சாஃப்ட்வேர்ல கால் வரைஞ்சு பூவெல்லாம் வெச்சாராம். அவர் கெட்டிக்காரர். எல்லாரும் அப்படி இருக்க முடியுமா?"

சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். நான் கொதித்துப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அலுவலகம் விட்டு வந்ததும் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால்தான். பெட்டிக்கு அடியில் சாஃப்ட்வேர் தானாக வைக்கும் மொட்டைப் பலகையை முதலில் பிடுங்கினேன். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கினேன். காலின் வளைவைக் கோடாக வரைந்து, அதற்குக் கனம் கொடுத்தேன். முதல் கால் அடுப்பின் மேல் போய் நின்றது. இரண்டாவது கால் சுவரைத் துளைத்துக் குளியலறைக்குள் நீட்டியது. மூன்றாவதற்கு வீக்கம். நான்காவது கால் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது, என்ன செய்தும் திரும்பவில்லை. அலுவலகத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டுத் திட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய மேசைக் காலின் வளைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல வளைவு. அப்படியே வீட்டுக்கு வந்து வரைந்துவிட்டேன்.

கடைசியில் நாலு காலும் வந்தன. பூவும் வந்தது. அலைப் பலகையும் வந்தது. பெருமை தாங்காமல் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அடேயப்பா! நீங்களா வரைஞ்சீங்க? இதையே தச்சர்கிட்ட கொடுத்துடலாங்க."

"தாராளமா!" என்றேன். சொன்ன பிறகுதான் படத்தில் அந்தச் சந்தைப் பார்த்தேன். முன்பைவிட அகலமாகவும் உயரமாகவும் இருந்தது.

மறுநாள் லிஃப்டில் எதிர்வீட்டுக்காரர்.

"சார், அந்தப் பூவை எப்படி வரைஞ்சீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"எந்தப் பூ?"

"கேபினெட் கால்ல."

"கேபினெட்டா? எனக்கு கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாதுங்களே!"

லிஃப்ட் கீழே போனது. நானும்தான்.

ஆனாலும் நான் சளைக்கவில்லை. கால் முன்னால் இருக்கட்டும். காலுக்குப் பின்னால் தரைவரைக்கும் ஒரு பலகையை வைத்து அடைத்து, அதற்குக் கறுப்பு நிறம் பூசினேன். பார்த்தால் நிழல் மாதிரி தெரியும். உள்ளே ஓர் எறும்புகூட நுழைய முடியாது. அவளுக்குக் கால், எனக்கு நிம்மதி. ஆகா, நானும் லேசுப்பட்டவன் இல்லை!

"இது எதுக்குங்க பின்னால ஒரு பலகை?"

"பாரம் தாங்க வேண்டாமா? பூ வெச்ச கால் தனியா தாங்காது."

"உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். "இதை எப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்கறது? கொஞ்சம் காட்டுங்களேன், நீங்க ஆபீஸ் போனப்புறம் ஆசையா பார்த்துட்டிருப்பேன்."

மவுஸைக் கையில் கொடுத்து நானே சொல்லிக்கொடுத்தேன். என் தலையெழுத்து.

தச்சர் வந்தார். கேபினெட்டை மாட்டினார். கால், பூ, அலை, கறுப்புப் பலகை எல்லாம் படத்தில் இருந்தபடியே அச்சு அசலாக இருந்தன. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அப்போது அவர் குனிந்து அந்தக் கறுப்புப் பலகையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். டப்பென்று கையோடு வந்துவிட்டது.

"ஐயோ! உடைச்சிட்டீங்களா?"

"இல்ல சார். கழட்டி மாட்டற மாதிரி கிளிப் போட்டிருக்கேன். உங்க படத்துல அப்படித்தானே இருக்கு?"

"என் படத்துலயா?"

"அம்மா கம்ப்யூட்டர்ல காட்டினாங்களே. பலகையைத் தொட்டு இழுத்தாங்க, அதுமட்டும் தனியா வந்துச்சு."

எனக்கு உறைத்தது. வரைந்த துண்டுகளையெல்லாம் குரூப் செய்து ஒன்றாகக் கட்ட வேண்டும். காலைக் கட்டினேன், பூவைக் கட்டினேன், அலையைக் கட்டினேன். கடைசியில் அவசரமாகச் செருகிய பலகையை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டேன்.

"இழுத்ததும் வந்துடுச்சுங்க," என்றாள் மனைவி, முகமெல்லாம் மலர்ச்சியாக. "உள்ள பார்த்தா எவ்வளவு இடம்! பெரிய பாத்திரமெல்லாம் வைக்க இடமில்லன்னு நான் புலம்புவேன்ல, அதுக்குத்தான் பண்ணியிருக்கீங்கன்னு புரிஞ்சுடுச்சு. வாயைத் திறந்து சொல்லாமலே செய்யற ஆளுங்க நீங்க."

தச்சர் என்னை மிகுந்த மரியாதையோடு பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அன்றைக்கே வாணலி, தாம்பாளம், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் உள்ளே குடிபுகுந்தன. "அதுக்குள்ள நெளிஞ்சு வளைஞ்சு எடுக்க எனக்கு வராதுங்க. உங்களுக்குத்தான் பழக்கம்," என்றாள். போகட்டும், எல்லாம் வாரம் ஒரு நாள் வேலைதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் சட்டைக்கு பட்டன் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அந்தப் பெரிய வாணலியைக் கொஞ்சம் எடுங்க. உள்ள, கோடியில இருக்கு."

"இன்னைக்குப் புதன்கிழமைம்மா!"

"ஏன், நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும்தான் சாப்பிடுவீங்களா?"